டெக்கில் எத்தனை லேண்ட்? மானா கணக்கை அடியிலிருந்து போடும் முறை

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்துக்கு டெக் (ஆடும் கார்டுக் கட்டு) கட்ட உட்கார்ந்தால் எல்லோருக்கும் கை முதலில் போவது பெரிய கார்டுகளின் மேல்தான். டிராகன் நான்கு, ஏஞ்சல் நான்கு, எதிராளியின் ஆட்களைத் தீர்த்துக்கட்ட எட்டு ஸ்பெல் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கடைசியில் எண்ணிப் பார்த்து, "இன்னும் பத்தொன்பது இடம் இருக்கு, லேண்ட் போட்டுடலாம்" என்று முடிப்பார்கள். காட்பாடி விடுதி அறைகளிலும் சத்துவாச்சாரி மொட்டை மாடிகளிலும் நான் பார்க்கிற புது டெக்குகள் அநேகமாக இப்படித்தான் பிறக்கின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். லேண்டை முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் அதன் மேல் ஏறட்டும். சாதாரண கார்டுகளை வைத்துக் கட்டிய டெக்கும் அப்போது நிதானமாக ஓடும்.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து, விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட ஆட்டம் இது. லேண்ட் அல்லாத கார்டான ஸ்பெல்லைப் போட மானா என்ற சக்தி வேண்டும், மானா பெரும்பாலும் லேண்ட் கார்டுகளிலிருந்து வரும், ஒரு டர்னுக்கு, அதாவது ஒருவர் ஆடும் ஒரு முறைக்கு, ஒரு லேண்ட்தான் வைக்கலாம். நிறங்கள் ஐந்து: பிளெயின்ஸ் வெள்ளை, ஐலண்ட் நீலம், ஸ்வாம்ப் கறுப்பு, மவுண்டன் சிவப்பு, ஃபாரஸ்ட் பச்சை. சாதாரண டெக்கில் குறைந்தது 60 கார்டு. ஒரே கார்டு நான்குக்கு மேல் கூடாது, இந்த ஐந்து அடிப்படை லேண்டுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தொடக்கத்தில் கையில் 7 கார்டு. இருவர் ஆடும்போது முதலில் ஆடுகிறவர் முதல் டர்னில் கார்டு எடுக்க மாட்டார்.

60 கார்டு டெக்கை வைத்தே விளக்குகிறேன். பாக்கெட் பிரித்து அங்கேயே தேர்ந்தெடுத்துக் கட்டும் 40 கார்டு டிராஃப்ட் டெக்கும், ஒரு தலைவர் கார்டை மையமாக வைத்த 100 கார்டு கமாண்டர் டெக்கும் கடைசியில்.

படி 1: எந்த டர்னில் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுங்கள்

கார்டுகளைத் தொடாமல் ஒரு தாளை எடுத்து ஒரே ஒரு வரி எழுதுங்கள். "நான்காவது டர்னுக்குள் எதிராளியைப் பாதி உயிர்ப் புள்ளிக்குக் கொண்டுவருவேன்" என்றோ, "நான்காவது டர்னில் ராத் ஆஃப் காட் போட்டு மேசையைத் துடைப்பேன், அதற்கப்புறம் ஏஞ்சல்" என்றோ இருக்கலாம். லேண்ட் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது இந்த வரிதான்.

ஒன்று, இரண்டு, மூன்று மானா கார்டுகளோடு விரட்டி அடிக்கிற டெக்குக்கு 20 முதல் 22 லேண்ட் போதும். நான்கு, ஐந்து மானா கார்டுகளை நம்பி நடுவேகத்தில் போகும் டெக்குக்கு 24, சில சமயம் 25. எதிராளியைத் தடுத்துக்கொண்டே ஆட்டத்தை நீட்டுகிற டெக் என்றால் 26, 27 வரை போகலாம், ஏனென்றால் அது ஐந்து, ஆறு டர்ன் வரை ஒரு லேண்டையும் தவற விடக்கூடாது. எந்த வகை என்று சொல்லத் தெரியவில்லையா? 24-ல் தொடங்குங்கள். 24-ல் தொடங்கிப் பிறகு ஒன்று குறைத்த டெக்குகளைவிட, 20-ல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றிய டெக்குகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

படி 2: நான்கு லேண்ட் குறைந்தால் என்ன ஆகும் என்று கணக்கில் பாருங்கள்

"நாலு லேண்ட் குறைச்சா என்ன பெரிய வித்தியாசம்" என்று கேட்பவர்களுக்காக இதைப் போட்டுக் காட்டுகிறேன். கூட்டல் கழித்தல் தாண்டிய கணக்குதான், ஆனால் பள்ளியில் படித்த சேர்மானக் கணக்கு தெரிந்தால் நீங்களே சரிபார்க்கலாம். இணையத்தில் ஹைப்பர்ஜியோமெட்ரிக் கால்குலேட்டர் என்று தேடினால் எண்களைக் கொடுத்ததும் விடை வந்துவிடும்.

24 லேண்ட் உள்ள டெக்கில் தொடக்கக் கையில் லேண்டே இல்லாமலோ ஒன்று மட்டுமோ வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம். 20 லேண்ட் என்றால் அதுவே கிட்டத்தட்ட 25 சதவீதம், அதாவது நான்கு ஆட்டத்துக்கு ஒன்று ஆரம்பத்திலேயே நொண்டும். ஐந்து அல்லது அதற்கு மேல் லேண்ட் வந்து திணறும் வாய்ப்பு 24-க்கு 8 சதவீதம், 20-க்கு 4 சதவீதம் கூட இல்லை. லேண்டைக் குறைப்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். நான்கு சதவீதம் மிச்சப்படுத்த பத்து சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்பது கண்ணில் படுவதில்லை.

நான்காவது டர்னில் நான்கு லேண்ட் மேசையில் இருப்பதையும் பாருங்கள். 24 லேண்ட் டெக்கில் முதலில் ஆடினால் அதற்கு வாய்ப்பு 63 சதவீதம், இரண்டாவதாக ஆடினால் ஒரு கார்டு கூடுதலாக எடுப்பதால் 73 சதவீதம். 20 லேண்டோடு முதலில் ஆடினால் 44 சதவீதம்தான். நான்கு மானா கார்டு எட்டு வைத்துக்கொண்டு 20 லேண்ட் போடுவது, அந்த எட்டையும் பாதி ஆட்டங்களுக்கு மேல் நேரத்துக்குப் போட மாட்டேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 24 லேண்ட் சரியான எண்ணிக்கை என்றாலும், மேலே சொன்ன 14-ஐயும் 8-ஐயும் கூட்டினால் ஐந்து தடவைக்கு ஒரு தடவைக்கு மேல் மோசமான கை வரத்தான் செய்யும். அது இந்த ஆட்டத்தின் இயல்பு. ஒரு நாள் சாயங்காலம் இரண்டு முறை லேண்ட் வராமல் போனதற்காக டெக்கைக் கலைக்க வேண்டாம்.

படி 3: செலவு வாரியாகக் கார்டுகளைப் பரப்பி அடுக்குங்கள்

தரையில் ஒரு துணி விரித்து, ஒரு மானா கார்டெல்லாம் ஒரு வரிசை, இரண்டு மானா அடுத்த வரிசை என்று வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் வரிசை கலையும்.

குடியாத்தத்திலிருந்து இங்கே படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவர் தன் சிவப்பு-பச்சை டெக்கை இப்படிப் பரப்பியதை எடுத்துக்கொள்வோம். "அண்ணா, கார்டெல்லாம் நல்ல கார்டுதான். லேண்டே வர மாட்டேங்குது" என்றுதான் கொண்டுவந்தார். ஒரு மானாவுக்கு எட்டு கார்டு: நான்கு லைட்னிங் போல்ட், நான்கு லானோவர் எல்வ்ஸ். இரண்டு மானாவுக்கு பத்து, மூன்றுக்கு ஒன்பது, நான்குக்கு ஐந்து, ஐந்துக்கு நான்கு, ஆறு மானாவுக்கு நான்கு ஷிவன் டிராகன். மொத்தம் 40. மீதி 20-ல் பத்து ஃபாரஸ்ட், பத்து மவுண்டன்.

சராசரிச் செலவு கார்டுக்கு மூன்று மானா. ஆறாவது டர்னில் அவர் பார்த்திருக்கும் கார்டுகள் முதலில் ஆடினால் 12. அதில் மூன்றில் ஒரு பங்கு லேண்ட் என்றால் சராசரி நான்கு. டிராகனுக்கோ ஆறு வேண்டும். ஆக, நான்கு டிராகனும் பெரும்பாலான ஆட்டங்களில் கையிலேயே உட்கார்ந்திருக்கும். லேண்ட் வரவில்லை என்று அவருக்குத் தோன்றியதில் பாதி, கையை அடைத்துக்கொண்டிருந்த இந்தக் கனமான கார்டுகளால்தான்.

நான் சொன்ன மாற்றம் இதுதான்: மூன்று டிராகனையும் ஒரு ஐந்து மானா கார்டையும் எடுத்துவிட்டு நான்கு லேண்ட் போடுங்கள். ஸ்பெல் 36, சராசரி சுமார் 2.7, லேண்ட் 24. டிராகனை எடுக்க அவருக்கு மனசே வரவில்லை. "ஒண்ணு இருக்கட்டும் தம்பி, அது வர்ற நேரத்துல ஆறு லேண்டும் இருக்கும்" என்ற பிறகுதான் சம்மதித்தார். வரிசைகளை அடுக்கும்போது இரண்டு, மூன்று மானாதான் உயரமாக இருக்க வேண்டும், அதற்கப்புறம் சரிந்து இறங்க வேண்டும். ஐந்து மானாவும் அதற்கு மேலும் சேர்த்து நான்கு, ஐந்து கார்டு என்பது 24 லேண்ட் டெக் தாங்கும் அளவு.

படி 4: நிறங்களைப் பிரியுங்கள்

லேண்ட் எண்ணிக்கை சரியாக இருந்தும் தோற்கிற டெக்குகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. மேசையில் மூன்று ஐலண்ட் இருக்கும், கையில் இருப்பதெல்லாம் வெள்ளை கார்டாக இருக்கும்.

வழக்கமாகச் சொல்லித் தருவது, கார்டுகளின் மேல் மூலையில் உள்ள நிறக் குறிகளை எண்ணி, அந்த விகிதத்தில் லேண்டைப் பிரி என்பது. தொடக்கத்துக்கு அது சரி, ஆனால் பாதி உண்மைதான். ஆறாவது டர்னில் போடும் டிராகனின் இரண்டு சிவப்புக் குறியும், முதல் டர்னில் வேண்டிய லானோவர் எல்வ்ஸின் ஒரு பச்சைக் குறியும் சம எடை உள்ளவை அல்ல. சீக்கிரம் வேண்டிய நிறத்துக்குத்தான் லேண்ட் அதிகம் வேண்டும்.

எண்ணில் பாருங்கள். ஒரு நிறத்துக்கு 8 லேண்ட் இருந்தால் தொடக்கக் கையில் அதில் ஒன்றாவது வரும் வாய்ப்பு 65 சதவீதம். 10 இருந்தால் 74, 12 இருந்தால் 81, 14 இருந்தால் 86. கணித ஆய்வாளரும் நெதர்லாந்தின் புகழ்பெற்ற மேஜிக் ஆட்டக்காரருமான ஃபிராங்க் கார்ஸ்டன், மல்லிகனையும் (தொடக்கக் கையை மாற்றி எடுப்பதையும்) கணக்கில் சேர்த்துப் போட்ட பட்டியலைப் பலரும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். அதன்படி 60 கார்டு டெக்கில் முதல் டர்னிலேயே ஒரு நிறம் வேண்டுமென்றால் அந்த நிறம் தரும் லேண்ட் 14 வேண்டும். இரண்டாம் டர்னில் ஒன்று வேண்டுமென்றால் 13. இரண்டாம் டர்னில் அதே நிறம் இரண்டு வேண்டுமென்றால் 20, 21 வரை போகிறது. மூன்று மானா கார்டில் இரண்டு ஒரே நிறம் என்றால் 18 பக்கம்.

இந்தப் பட்டியலில் எல்லோரையும் தடுமாற வைப்பது, எதிராளி போடும் ஸ்பெல்லை முறியடிக்கிற கவுன்டர்ஸ்பெல் போன்ற கார்டு. செலவு இரண்டே இரண்டு, இரண்டும் நீலம். 12 ஐலண்ட், 12 பிளெயின்ஸ் வைத்த டெக்கில், முதலில் ஆடும்போது இரண்டாம் டர்னுக்குள் இரண்டு ஐலண்ட் பார்த்திருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிதான், 51 சதவீதம். அந்த டெக்கில் கவுன்டர்ஸ்பெல்லை இரண்டு மானா கார்டு என்று எண்ணாதீர்கள், நான்காவது, ஐந்தாவது டர்னில் பயன்படும் கார்டு என்று எண்ணுங்கள். அப்படி எண்ணியும் வேண்டும் என்று தோன்றினால் வையுங்கள்.

இரண்டு நிறம் போதும் என்பது என் உறுதியான கருத்து. மூன்றாவது நிறத்தை ஆசைக்குச் சேர்ப்பவர்கள் நான்கு நல்ல கார்டுக்காக மீதி முப்பதையும் சிரமப்படுத்துகிறார்கள். இரண்டு நிற லேண்டுகள் கை நிறைய இருந்தால் மட்டும் மூன்றாவதைப் பற்றி யோசியுங்கள்.

படி 5: இரண்டு நிற லேண்டுகளைத் தேர்ந்தெடுங்கள்

24 லேண்டில் ஒரு நிறத்துக்கு 14, இன்னொன்றுக்கு 17 என்பது எப்படி வரும்? இரண்டு நிறமும் தரும் லேண்டுகளால்தான். அவை இரண்டு பக்கமும் எண்ணப்படும்.

குடியாத்தம் தம்பியின் டெக்குக்கே திரும்புவோம். 10 ஃபாரஸ்ட், 7 மவுண்டன், 4 கார்ப்ளூசன் ஃபாரஸ்ட், 3 ரக்டு ஹைலேண்ட்ஸ். மொத்தம் 24. பச்சை தருவது 17, சிவப்பு தருவது 14. கார்ப்ளூசன் ஃபாரஸ்ட் சிவப்போ பச்சையோ கொடுக்கும், ஒவ்வொரு தடவையும் நமக்கு ஒரு உயிர் போகும். ரக்டு ஹைலேண்ட்ஸ் ஒரு உயிர் கொடுக்கும், ஆனால் டேப் ஆகியே (பக்கவாட்டில் திருப்பிய நிலையில்) உள்ளே வரும், அந்த டர்னில் மானா தராது.

இந்த டேப் விஷயத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. பச்சை 17 என்று சொன்னேன், ஆனால் முதல் டர்னில் லானோவர் எல்வ்ஸ் போட ரக்டு ஹைலேண்ட்ஸ் உதவாது. ஆகவே முதல் டர்னுக்குப் பச்சை 14 மட்டுமே. அது போதும், மேலே பார்த்த 86 சதவீதம். ஹைலேண்ட்ஸ் மாதிரி டேப் லேண்டுகளை மூன்றிலிருந்து ஏழாக ஏற்றி அந்த இடத்துக்கு நான்கு ஃபாரஸ்டைக் குறைத்தால் சிவப்பு கூடும், ஆனால் முதல் டர்ன் பச்சை 10-க்கு இறங்கிவிடும். விரட்டி அடிக்கும் டெக்கில் டேப் லேண்ட் இரண்டு, மூன்றுக்கு மேல் வேண்டாம். நடுவேக டெக் நான்கைந்து தாங்கும். மெதுவான டெக்குக்கு எட்டு வரை இருந்தாலும் பெரிய கெடுதல் இல்லை.

காசு விஷயம். ஸ்டாம்பிங் கிரவுண்ட் போன்ற லேண்டுகள் அருமையானவை, இரண்டு உயிர் கொடுத்தால் டேப் ஆகாமல் வரும். ஆனால் நான்கு வாங்கக் கல்லூரி மாணவரின் மாதச் செலவுப் பணம் போய்விடும். கில்ட்கேட், ரக்டு ஹைலேண்ட்ஸ் வகை, எவால்விங் வைல்ட்ஸ் எல்லாம் மலிவு. சென்னைக்கோ பெங்களூருக்கோ காட்பாடியிலிருந்து ரயில் ஏறும் நண்பர் யாராவது கார்டு வாங்கப் போனால், புது டிராகன் கேட்பதற்குப் பதிலாக உங்கள் நிறத்துக்கு நான்கு பெயின் லேண்ட் (கார்ப்ளூசன் ஃபாரஸ்ட் வகை) கேளுங்கள். டெக் மாறினாலும் அவை மாறாமல் கூட வரும்.

நிறமே தராத லேண்டுகள் சில நல்ல வேலை செய்யும். ஒரு நிற டெக்கில் அப்படி நான்கு வரை வைக்கலாம். இரண்டு நிறத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

படி 6: லேண்ட் அல்லாத மானா

லானோவர் எல்வ்ஸ் மானா தரும், அதனால் நான்கு லேண்டைக் குறைக்கலாமா? கூடாது. எதிராளியின் முதல் லைட்னிங் போல்ட் அதன் மேல்தான் விழும். தவிர, அதைப் போடவே ஒரு லேண்ட் வேண்டும். நான்கு எல்வ்ஸுக்கு ஒரு லேண்டைக் குறைப்பது வரை சரி. மலிவாகக் கார்டு எடுத்துத் தரும் ஸ்பெல்களுக்கும் இதே அளவுகோல்: மூன்று, நான்கு இருந்தால் ஒரு லேண்ட் குறையலாம்.

2020-ல் வந்த சென்டிகார் ரைசிங் தொகுப்பிலிருந்து ஒரு பக்கம் ஸ்பெல், மறுபக்கம் லேண்ட் என்று இருக்கும் கார்டுகள் கிடைக்கின்றன. லேண்ட் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே மருந்து இவை. நான்கு வைத்தால் இரண்டு, மூன்று லேண்டாக எண்ணிக்கொள்ளுங்கள்.

படி 7: தொடக்கக் கையை வைப்பதா, மாற்றுவதா

2019 முதல் நடப்பில் இருக்கும் லண்டன் மல்லிகன் விதிப்படி, கையை மாற்றினால் மறுபடி 7 எடுத்து, எத்தனை தடவை மாற்றினோமோ அத்தனை கார்டை டெக்கின் அடியில் வைக்க வேண்டும். முன்பு இருந்த விதிகளைவிட இது இளகியது, ஆகவே மோசமான கையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

மூன்று, நான்கு லேண்ட் இருந்தால் வையுங்கள். ஒரு லேண்ட், ஆறு லேண்ட் என்றால் மாற்றுங்கள். யோசிக்க வேண்டியது இரண்டு லேண்ட் கை. 24 லேண்ட் டெக்கில் அப்படி ஒரு கையோடு முதலில் ஆடினால், மூன்றாவது டர்னுக்குள் மூன்றாவது லேண்ட் வரும் வாய்ப்பு 66 சதவீதம். இரண்டாவதாக ஆடினால் 81. ஆகவே இரண்டாவதாக ஆடும்போது, கையில் ஒன்று, இரண்டு மானா கார்டுகளும் அவற்றுக்கேற்ற நிறமும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஆடும்போது, கையில் இருப்பது நான்கு, ஐந்து மானா கார்டுகள் என்றால் மாற்றுவதே நல்லது.

படி 8: நேர்மையாகக் கலையுங்கள்

ஆட்டம் முடிந்ததும் மேசையிலிருந்த லேண்டெல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்திருக்கும். அதைப் பார்த்துச் சிலர் இரண்டு ஸ்பெல், ஒரு லேண்ட் என்று அடுக்கி வைத்துவிட்டு மேலோட்டமாக இரண்டு முறை கலைப்பார்கள். அப்புறமும் அந்த அடுக்கு மிச்சமிருந்தால் அது ஏமாற்று, போட்டிகளில் தண்டனை உண்டு. நன்றாகக் கலைந்துவிட்டதென்றால் அடுக்கியது வீண் வேலை. 52 சீட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று விடும் முறையில் 7 தடவை கலைத்தால் நன்றாகக் கலைந்துவிடும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-ல் கணித முறையில் காட்டினார்கள். 60 கார்டுக்கு எட்டு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் எதிராளியிடம் வெட்டக் கொடுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. சித்திரை, வைகாசியில் வேர்த்த கையோடு தொட்டால் ஸ்லீவ்கள் (கார்டு உறைகள்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இரண்டு லேண்ட் சேர்ந்தே நகரும். கையைத் துடைத்துக்கொண்டு கலையுங்கள், பழைய ஸ்லீவை மாற்றுங்கள். ஃபாயில் கார்டுகள் வெப்பமும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் வளையும். பளபளப்பான ஃபாயில் லேண்டுகளை ஆசையாக வாங்கி வைத்தால், ஒரு மாதத்தில் டெக்கைப் பக்கவாட்டில் பார்த்தே லேண்ட் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அது அடையாளம் இட்ட கார்டுக்குச் சமம். லேண்டுக்குச் சாதாரண கார்டே போதும்.

படி 9: தனியாக ஆடிப் பார்த்து, ஒன்றொன்றாக மாற்றுங்கள்

எதிராளி இல்லாமல் 7 கார்டு எடுத்து ஐந்து டர்ன் வரை ஆடிப் பாருங்கள். ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எந்த டர்னில் லேண்ட் வைக்க முடியவில்லை, எந்த நிறம் இல்லாமல் எந்தக் கார்டு கையில் நின்றது, டேப் லேண்டால் எந்த டர்ன் வீணானது. இருபது கை ஆடிப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். லேண்ட் எண்ணிக்கையே குறை என்றால் ஒன்று ஏற்றுங்கள். ஒரு நிறம் மட்டும் தடுமாறினால் எண்ணிக்கையைத் தொடாமல் ஒரு லேண்டை மட்டும் நிறம் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் மூன்று கார்டை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. நிஜ ஆட்டத்தில் ஏழு லேண்ட் வரிசையாக வந்து தோற்ற அன்று இரவு டெக்கைத் திறக்காதீர்கள். எடுப்பதாக இருந்தால் நோட்டைப் பார்த்து எடுங்கள்.

40 கார்டும் 100 கார்டும்

டிராஃப்டில் 40 கார்டுக்கு 17 லேண்ட், 23 ஸ்பெல். மலிவான கார்டுகளோடு விரட்டும் டெக் என்றால் 16. இரண்டு நிறமும் சமம் என்றால் 9-8, ஒன்று கூடுதல் என்றால் 10-7.

கமாண்டரில் கமாண்டர் ஒன்று, டெக் 99. 36 முதல் 38 லேண்ட், அதோடு சோல் ரிங், ஆர்கேன் சிக்னெட், கல்டிவேட் போன்ற மானா கூட்டும் கார்டுகள் பத்து பக்கம். ஒவ்வொரு கார்டும் ஒன்றே ஒன்று என்பதால் இரண்டு நிற, மூன்று நிற லேண்டுகளைத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும். கமாண்ட் டவர் முதலில், அது கமாண்டரின் எல்லா நிறமும் தரும். நான்கு பேர் ஆடும்போது முதல் மல்லிகன் இலவசம், முதலில் ஆடுகிறவரும் முதல் டர்னில் கார்டு எடுப்பார். இந்த இரண்டையும் காரணம் காட்டி 32 லேண்டோடு வருகிறவர்கள் உண்டு. கமாண்டரின் செலவு ஐந்து, ஆறு என்றால் 37-க்குக் கீழே இறங்காதீர்கள். அவர் செத்துத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் இரண்டு மானா கூடுதலாகக் கேட்பார்.